ஷாஃப்ட் சரியானால் ரீமர் துளை கெடுகிறது: குறை டெயில்ஸ்டாக்கில் இல்லை

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 7x14 மினி லேத் (சிறிய கடைசல் இயந்திரம்) வாங்கி, மொட்டை மாடி அறையில் ஆங்கிள் அடித்து 6 மி.மீ. தகடு வெல்டு செய்த மேஜையில் நான்கு போல்ட்டும் இறுக்கி மாட்டிவிட்டீர்கள். சக் (பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடி) பக்கச் சென்டரும், எதிர் முனையில் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் சென்டரும் (சென்டர் என்பது பொருளைத் தாங்கும் கூர்முனை) முனைக்கு முனை சேரவில்லை என்று டெயில்ஸ்டாக்கை நகர்த்திச் சேர்த்தீர்கள். அதன்பின் பெல்ட் கிரைண்டருக்காக இரண்டு சென்டருக்கு நடுவே கடைந்த ஷாஃப்டில், 120 மி.மீ. இடைவெளியில் உள்ள இரண்டு 6204 பேரிங் இடங்களில் ஒன்றின் விட்டம் 20.01 மி.மீ., டெயில்ஸ்டாக் பக்கம் 20.06. டெயில்ஸ்டாக்கை உங்கள் பக்கம் இழுத்துச் சரிசெய்ததும் அடுத்த ஷாஃப்ட் அருமையாக வந்தது. ஆனால் இப்போது 10 மி.மீ. ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் டூல்) போட்டால் துளை 10.05-க்கு மேல் போகிறது. சக்கில் பிடித்து 60 மி.மீ. ஆழத்துக்கு போர் செய்த (உள்துளை கடைந்த) புஷ் வாய்ப் பக்கம் 0.025 பெரிதாக இருக்கிறது. அது டெயில்ஸ்டாக்கை நகர்த்துவதற்கு முன்பும் அப்படித்தான் இருந்தது. டெயில்ஸ்டாக் தேய்ந்துவிட்டதா, புதிதாக ஒன்று வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

வாங்க வேண்டாம். நீங்கள் கொடுத்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷாஃப்டில் 120 மி.மீ.க்கு 0.05 டேப்பர் (ஒரு முனை பெருத்து மறுமுனை சிறுப்பது). புஷ்ஷில் 60 மி.மீ.க்கு 0.025. விகிதம் ஒன்றே. புஷ்ஷைக் கடைந்தபோது டெயில்ஸ்டாக் வேலைக்கே வரவில்லை. சக், ஜாப் (கடையும் பொருள்), போரிங் பார் (உள்துளை கடையும் டூலின் தண்டு) மூன்றும்தான். டெயில்ஸ்டாக் தொடாத வேலையிலும் அதே டேப்பர் வருகிறது என்றால், டூல் போகும் பாதைக்கும் ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) அச்சுக்கும் இணை இல்லை என்று பொருள். அதற்குக் காரணம் இரண்டில் ஒன்று: பெட் (எல்லாம் உட்காரும் நீள அடிப்பாகம்) முறுகியிருக்கிறது, அல்லது ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் பகுதி) கோணலாக உட்கார்ந்திருக்கிறது. வெல்டு செய்த தகட்டு மேஜை, ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) எதுவும் வைக்காமல் நான்கு போல்ட் இறுக்கம் என்று நீங்களே சொன்ன பிறகு, நான் முதலில் பெட்டைத்தான் சந்தேகிப்பேன்.

வார்ப்பிரும்பு பெட் எப்படி முறுகும் என்று பலருக்கும் நம்பிக்கை வராது. கையால் முறுக்க முடியாதுதான், போல்ட் முறுக்கும். 6 மி.மீ. தகட்டை ஆங்கிளோடு வெல்டு செய்தால் ஆறும்போது அது எங்காவது இழுத்துக்கொள்ளும். தட்டையாக இருக்கவே இருக்காது. நான்கு காலில் மூன்று கால் தகட்டில் உட்காரும், நான்காவது அந்தரத்தில் நிற்கும். போல்ட்டை இறுக்கியதும் அந்தக் கால் கீழே வந்தே ஆக வேண்டும். ஈரத் துண்டைப் பிழிவது போல, பெட்டின் ஒரு முனை அப்படியே இருக்க மறுமுனை திரும்புகிறது.

அளவு எவ்வளவு என்று பார்ப்போம். உங்கள் லேத்தில் பெட்டிலிருந்து சென்டர் உயரம் சுமார் 90 மி.மீ. டூல் நுனி இருப்பதும் அந்த உயரத்தில்தான். பெட் ஒரு பக்கம் சாய்ந்தால் டூல் நுனி அந்த 90 மி.மீ. உயரத்தில் பக்கவாட்டில் நகரும். ஷாஃப்டில் விட்டத்தில் 0.05 வித்தியாசம் வர, டூல் 0.025 நகர்ந்தால் போதும். 0.025-ஐ 90-ஆல் வகுத்தால், மீட்டருக்கு 0.28 மி.மீ. சாய்வு. கட்டட மேஸ்திரி வைத்திருக்கும் ரசமட்டம் பொதுவாக மீட்டருக்கு 0.5 வரை பிசகலாம் என்ற துல்லியத்தில் செய்யப்படுவது; அதை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் காட்டும். மீட்டருக்கு 0.02 காட்டும் மெஷின் லெவலில் 14 கோடு ஓடும். அந்த லெவல் வாங்கச் சொல்லவில்லை. அதைவிட நல்ல கருவியான டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டுவது) ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்களைச் சுற்றவிட்ட விஷயம் இதுதான்: பெட் முறுகும்போது டெயில்ஸ்டாக்கும் அதன் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது? டூல் எவ்வளவு உங்கள் பக்கம் நகர்ந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவே டெயில்ஸ்டாக் சென்டரும் நகர்ந்துவிடும். ஆகவே லேத் வந்தபோது இருந்த நிலையில் விட்டிருந்தால் சென்டருக்கு நடுவே கடையும் ஷாஃப்டில் டேப்பர் தெரிந்தே இருக்காது. முனைகள் மட்டும் சேராமல் நின்றிருக்கும். நீங்கள் முனைகளைச் சேர்த்தீர்கள். டெயில்ஸ்டாக் ஸ்பிண்டில் அச்சுக்கு வந்துவிட்டது, டூல் பாதை மட்டும் விலகியே இருந்தது, ஷாஃப்ட் டேப்பரானது. திரும்ப உங்கள் பக்கம் இழுத்ததும் ஷாஃப்ட் நேரானது, ஆனால் ரீமர் ஸ்பிண்டில் அச்சை விட்டு விலகித் துளைக்குள் போகிறது. சென்டருக்கு இடையே 200 மி.மீ. என்று வைத்தால் இந்த விலகல் 0.04 அளவுக்கு வரும். ரீமர் துளையை அகலமாக்க அது போதும். முறுகிய பெட்டில் டெயில்ஸ்டாக்கை எங்கே வைத்தாலும் ஒரு வேலை சரியாக வரும், இன்னொன்று கெடும். புது டெயில்ஸ்டாக் போட்டாலும் கதை இதேதான்.

இதை ஊகமாக விடாமல் நிரூபித்துக்கொள்ளுங்கள். 25 மி.மீ.க்குக் குறையாத பிரைட் பார் (மேற்பரப்பு வழவழப்பான ஸ்டீல் கம்பி) ஒன்றைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. வெளியே நீட்டுங்கள். டெயில்ஸ்டாக்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். கேரேஜை (டூலைத் தாங்கி பெட் மேல் ஓடும் பகுதி) கம்பியின் வெளிமுனை அருகே கொண்டுவந்து, டயல் கேஜ் ஸ்டாண்டை கிராஸ் ஸ்லைடு (கேரேஜ் மேல் டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) மேல் நிறுத்தி, டயலின் முனை உங்கள் பக்கத்திலிருந்து, சென்டர் உயரத்தில், கம்பியைத் தொடும்படி வையுங்கள். டயலைப் பூஜ்யத்தில் திருப்பிவிட்டு லேத்தில் கை வைக்காமல் நில்லுங்கள். முள் அசையாமல் நின்றதும் ஸ்பேனரை எடுத்து, டெயில்ஸ்டாக் பக்கத்து இரண்டு போல்ட்டை மட்டும், ஒவ்வொன்றாக, மெதுவாகத் தளர்த்துங்கள். முள்ளையே பாருங்கள்.

பெட்டில் இறுக்கம் இல்லை என்றால் முள் நடுங்கிவிட்டு அதே இடத்துக்கு வரும். இருந்தால், ஒரு போல்ட் தளரும் நொடியில் முள் ஒரு பக்கமாக ஓடி அங்கேயே நிற்கும். உங்கள் டேப்பர் முழுவதும் பெட்டினால்தான் என்றால், 150 மி.மீ. தூரத்தில் சுமார் 0.03 ஓட வேண்டும், அதுவும் டயலின் முனை உள்ளே அமுங்கும் திசையில். ஏனென்றால் வெளியே சாய்ந்திருந்த கேரேஜ் கம்பியை நோக்கித் திரும்புகிறது. ஒரு கட்டிங் கூடப் போடாமல் பிழை எங்கே, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று மூன்றும் தெரிந்துவிடும். இந்தச் சோதனையை லேத் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கண் முன்னால் வார்ப்பிரும்பு அசைவதைப் பார்த்த பிறகு, போல்ட்டை இறுக்கும் கையே மாறிவிடும்.

வேறு காரணங்களையும் விலக்கிவிடுவோம். டேப்பர் என்றதும் ஜாப் வளைவதைச் சொல்வார்கள், அது நியாயமான சந்தேகம். சக்கில் மட்டும் பிடித்து 150 மி.மீ. நீட்டிய ஸ்டீல் கம்பியின் முனையில் டூல் ஒரு கிலோ எடை அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளினால், 25 மி.மீ. கம்பி 0.003 வளையும், 12 மி.மீ. கம்பி 0.05 வளையும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் விறைப்பு மாறுவதால் இவ்வளவு வித்தியாசம். அதனால் ஒல்லிக் கம்பியைக் கடைந்து லேத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லக்கூடாது. உங்கள் புஷ்ஷில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை: குட்டையான தடித்த ஜாப், போரிங் பார் நீண்டிருக்கும் நீளமும் வாயிலும் உள்ளேயும் ஒன்றே. பார் வளைந்தாலும் இரண்டு இடத்திலும் ஒரே அளவுக்குத்தான் வளையும், டேப்பர் வராது. டூல் மழுங்கினால் உள்ளே சிறுத்துப்போகும் என்பது உண்மை, ஆனால் கூர் தீட்டிய டூலில் ஒரு ஃபினிஷிங் கட்டிங்கில் 0.025 வராது. ஜாப் சூடும் அப்படித்தான்: 20 மி.மீ. ஸ்டீல் 20 டிகிரி கூடுதலாகச் சூடாக இருந்தால் விட்டம் 0.005 கூடும். ஆறவிட்டு அளந்தால் தீர்ந்தது. அளப்பதற்கு மைக்ரோமீட்டர்தான். 0.02 படிக்கும் வெர்னியரை வைத்து இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இனி சரிசெய்வது. நான்கு போல்ட்டையும் முழுதாகத் தளர்த்திவிட்டு, லேத் தன் எடையில் எப்படி உட்காருகிறதோ அப்படியே விடுங்கள். காலுக்கும் தகட்டுக்கும் நடுவே பிசிறோ வெல்டு துளியோ இருந்தால் துடையுங்கள், அரத்தால் எடுங்கள். பிறகு ஒவ்வொரு காலின் கீழும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். டெயில்ஸ்டாக் பக்கத்து முன்கால், அதாவது நீங்கள் நிற்கும் பக்கத்துக் கால், அந்தரத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதைக் கீழே இழுத்தால்தான் டூல் உங்கள் பக்கம் சாயும். முன்காலுக்கும் பின்காலுக்கும் 130 மி.மீ., நீளவாக்கில் கால்களுக்கு நடுவே 400 மி.மீ. என்று வைத்தால் இடைவெளி 0.12 அளவில் வர வேண்டும். மேஜைத் தகடும் கொஞ்சம் வளைந்து கொடுத்திருக்கும் என்பதால் இதைவிடக் கூடுதலாக இருந்தாலும் ஆச்சரியம் இல்லை. அந்த இடைவெளிக்குப் பித்தளை ஷிம் வையுங்கள். ஷிம் கிடைக்காவிட்டால் கூல்டிரிங்ஸ் அலுமினிய டின்னின் பக்கத் தகடு சுமார் 0.1 மி.மீ. இருக்கும், பிசிறு எடுத்துவிட்டுப் போடலாம். காகிதமும் அட்டையும் வேண்டாம், எண்ணெய் பட்டு ஊறி அமுங்கிவிடும். ஷிம் காலின் அகலம் முழுக்க இருக்க வேண்டும், போல்ட் துளையைச் சுற்றி வெட்டிக்கொள்ளுங்கள்.

போல்ட்டை இறுக்கும்போது டயல் அதே இடத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு போல்ட்டும் முழுதாக இறுகிய பிறகும் முள் 0.005-க்குள் நின்றால் நல்லது. ஓடினால் ஷிம்மைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். மினி லேத்துக்கு வெறித்தனமான இறுக்கம் தேவையில்லை. நகராமல் பிடித்தால் போதும்.

அடுத்தது இரட்டைக் காலர் சோதனை. இறுதித் தீர்ப்பை டயலிடம் விடாமல் கட்டிங்கிடம்தான் கேட்க வேண்டும், ஏனென்றால் நமக்கு வேண்டியது அதுதான். 30 மி.மீ. கம்பியை 150 மி.மீ. நீட்டிப் பிடியுங்கள், டெயில்ஸ்டாக் இல்லாமல். சக் ஓரம் ஒன்று, வெளிமுனையில் ஒன்று என்று 10 மி.மீ. அகலத்தில் இரண்டு காலர் (வளையம் போன்ற மேடு) விட்டு, நடுவில் ஒரு மி.மீ. ஆழம் இறக்கிவிடுங்கள். நன்றாகத் தீட்டிய ஹெச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூல், சரியான சென்டர் உயரம், சின்ன மூக்கு ரேடியஸ். கிராஸ் ஸ்லைடு, அதன் மேலுள்ள காம்பவுண்ட் ஸ்லைடு இரண்டின் ஜிப் ஸ்க்ரூவும் (ஆட்டத்தைக் குறைக்கும் திருகு) தளர்வில்லாமல் இருக்கட்டும். 0.1 கட்டிங் வைத்து ஆட்டோ ஃபீடில் இரண்டு காலரையும் ஒரே ஓட்டத்தில் கடைந்து, கிராஸ் ஸ்லைடைத் தொடாமல் அதே அளவில் இன்னொரு ஓட்டம் விடுங்கள். ஆறியதும் இரண்டையும் அளங்கள்.

வெளிமுனைக் காலர் பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக் பக்கத்து முன்கால் இன்னும் உயர வேண்டும். சிறிதாக இருந்தால் அதே பக்கத்துப் பின்கால் உயர வேண்டும். குழப்பம் வந்தால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: முன்காலைத் தூக்கினால் பெட் பின்னால் சாயும், டூல் ஜாப்புக்குள் போகும், முனை சிறுக்கும். சரியான பூஜ்யத்துக்கு அலைய வேண்டாம். 1920-களில் பெர்லினில் பேராசிரியர் ஜார்ஜ் ஷ்லெசிங்கர் வகுத்த லேத் சோதனை அளவுகளிலேயே, ஸ்பிண்டிலில் மாட்டிய டெஸ்ட் பாரின் வெளிமுனை 300 மி.மீ.க்கு 0.02 வரை டூலை நோக்கிச் சாயலாம், எதிர்ப்பக்கம் சாயக்கூடாது என்று இருக்கிறது. கட்டிங் விசை ஜாப்பை டூலிடமிருந்து தள்ளும் என்பதால் அந்த ஒருதலைச் சலுகை. ஆகவே வெளிமுனை 0.005 சிறுத்து நின்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

போல்ட்டெல்லாம் தளர்ந்திருக்கும்போதும் டேப்பர் அப்படியே வந்தால்தான் ஹெட்ஸ்டாக் பக்கம் போக வேண்டும். உங்கள் விஷயத்தில் அது தேவைப்படும் என்று நான் நினைக்கவில்லை. தேவைப்பட்டால், ஹெட்ஸ்டாக்கைக் கழற்றி அதன் V பள்ளத்திலும் பெட் மேலும் பெயிண்ட் துளி, பிசிறு, அடிபட்ட மேடு இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். எண்ணெய்க் கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுத்துத் திரும்ப மாட்டினாலே பெரும்பாலும் சரியாகும். பெட்டைச் சரிசெய்வதற்கு முன் ஹெட்ஸ்டாக் போல்ட்டைத் தொடுவதை மட்டும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டு பிழை ஒன்றையொன்று மறைத்துக்கொண்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

டெயில்ஸ்டாக் கடைசியில்தான். அதன் MT2 துளையையும் ஸ்பிண்டிலின் MT3 துளையையும் (MT என்பது மோர்ஸ் டேப்பர், சென்டர் செருகும் கூம்புத் துளை) துணியால் துடைத்துச் சென்டர்களை மாட்டுங்கள். அதே காலர் கம்பியைச் சென்டர் துளை போட்டு, டாக் (ஜாப்பைச் சுழலவைக்கும் கவ்வி) மாட்டி, இரண்டு சென்டருக்கு நடுவே கடையுங்கள். டெயில்ஸ்டாக் பக்கக் காலர் பெரிதாக இருந்தால் டெயில்ஸ்டாக்கை உங்கள் பக்கம் நகர்த்துங்கள். காலர் வித்தியாசத்தில் பாதியை, கம்பியின் முழு நீளத்தைக் காலர்களின் இடைவெளியால் வகுத்த எண்ணோடு பெருக்கினால் வருவது நகர்த்த வேண்டிய தூரம். மினி லேத் டெயில்ஸ்டாக்கைப் பூட்டும்போதே சில நூறில் ஒரு பங்கு மி.மீ. ஓடிவிடும். எனவே ஒவ்வொரு முறையும் பூட்டிய பிறகே டயலைப் படியுங்கள், குவில்லை (டெயில்ஸ்டாக்கிலிருந்து வெளியே நீளும் குழல்) ஒரே நீளத்தில் நீட்டி வையுங்கள்.

இது முடிந்ததும் ரீமரைப் போட்டுப் பாருங்கள். பெட் நேராக இருக்கும்போது, ஷாஃப்டை நேராக்கும் டெயில்ஸ்டாக் இடமும் ரீமருக்குச் சரியான இடமும் ஒன்றாகவே இருக்கும். இன்னமும் துளை அகன்றால் டெயில்ஸ்டாக்கின் உயரத்தைப் பாருங்கள். 0.05 உயரப் பிழை 20 மி.மீ. ஷாஃப்டின் விட்டத்தில் ஒரு மைக்ரான்கூடக் காட்டாது, ஆனால் ரீமர் அதை முழுதாக உணரும். சக்கில் டயலைப் பிடித்து, டெயில்ஸ்டாக் துளையைச் சுற்றிக் கையால் சுழற்றினால் தெரிந்துவிடும். தாழ்வாக இருந்தால் அதன் அடிப்பாகத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே ஷிம்.

மேஜையைப் பற்றி ஒன்று. வெல்டு செய்த புதுச் சட்டம் சில நாள் தன்னைத்தானே தளர்த்திக்கொள்ளும், மொட்டை மாடி அறையில் வெயிலும் ஏறி இறங்கும். ஒரு வாரம் வேலை செய்த பிறகு டயலை வைத்து அந்தப் போல்ட் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். லேத்தை இடம் மாற்றினாலும் செய்யுங்கள். மேஜையே நான்கு காலில் ஆடினால் முதலில் அதற்குக் கீழே ஆப்பு வைத்து நிறுத்திவிட்டுத்தான் லேத்துக்கு ஷிம்.

முதல் ஷாஃப்டைத் தூக்கிப் போடாதீர்கள். 6204-இன் உள்வளையத்துக்கு k6 ஃபிட் (ஷாஃப்ட் அளவுக்கான ஒரு நிர்ணய வரம்பு) என்றால் ஷாஃப்ட் 20.002-இலிருந்து 20.015-க்குள் இருக்க வேண்டும். சக் பக்கம் 20.01 சரியாகவே இருக்கிறது. டெயில்ஸ்டாக் பக்கம் 20.06 பெரிதாகத்தானே இருக்கிறது, குறையவில்லை. சென்டர் துளை இரண்டும் அப்படியே இருப்பதால், லேத்தைச் சரிசெய்த பிறகு சென்டருக்கு நடுவே மாட்டி அந்த ஒரு இடத்தை மட்டும் 20.02 வரை கடைந்து, மிச்சத்தை 400 நம்பர் எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, மைக்ரோமீட்டரை அடிக்கடி வைத்துப் பார்த்து 20.01-க்குக் கொண்டுவாருங்கள். எமரி போடும்போது பெட்டை எண்ணெயில் நனைத்த துணியால் மூடிவிடுங்கள், அந்தத் தூள் பெட்டைத் தின்றுவிடும். தாளை விரலில் சுற்றாமல் நீளப் பட்டையாக இரு நுனியிலும் பிடியுங்கள். கை சக்கிலிருந்தும் டாக்கிலிருந்தும் எட்ட இருக்கட்டும். புஷ் மட்டும் வாய் அகன்றுவிட்டதால் அதைத் திரும்பக் கடைவதுதான் வழி.